பொடியன் கூப்பிடுகிறான்

மார்ச் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம்தான். அம்மாவும் சுகம் என்று வழக்கம்போல் ஒரு வரி எழுதிவிட்டு மற்றதை ஆரம்பிக்க இந்தத் தடவை முடியவில்லை. மூச்சு வாங்குகிறது என்று கூட்டிக்கொண்டு போனேன். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மாத்திரையும் நிம்மதியும்தான் வைத்தியம், அதிர்ச்சி எதுவும் ஆகாது என்றார் டாக்டர். மாத்திரை கடையில் கிடைக்கிறது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைக்காமலே, "துரையோட நம்பர் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பாவை எடுத்துப்போன மறுநாள் அவன் வந்து நின்றபோது, வாசலிலேயே எல்லார் முன்னாலும், "எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்தே, போ" என்று சொன்னவள் இவள்தான். அவனும் தோளிலிருந்து பையை இறக்காமல் அப்படியே திரும்பிப் போனான். அதற்குப் பிறகு நாலு வருஷமாக இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுத்ததில்லை. இப்போது நம்பர் வேண்டுமாம்.

"எங்கயோ எழுதி வெச்சிருக்கேம்மா, தேடித் தரேன்" என்று சமாளித்துவிட்டேன். கொடுக்கப் பயமாக இருக்கிறது. போன வருஷம் நான் கூப்பிட்டபோது உன் அண்ணன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டான். அதையே அம்மாவிடம் செய்தால் அவள் தாங்க மாட்டாள்.

நீ படிக்கிற காலத்தில் அந்த ஒலி மென்பொருளைப் பழகுவதற்காக வீட்டில் எல்லார் பேச்சையும் பிடித்து வைத்தாயே, அதில் அவன் குரல் மணிக்கணக்கில் இருக்கும். அதை வெட்டி ஒட்டி, "அம்மா, நல்லா இருக்கேன், வரேன்" என்று ஒரு வரி செய்து அனுப்பு. போனுக்கு வந்தது என்று போட்டுக் காட்டுகிறேன். டால்பின் பேச்சையே பிரித்து மேய்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் அம்மா கண்ணாடிகூடத் தேடாமல் பிரித்துவிடுவாள். பல் கிளினிக் விலாசத்துக்கு அனுப்பு. அங்கே வரவேற்பு மேஜையில் என்னைத் தவிர கடிதத்தைத் தொடுவார் யாருமில்லை.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் தீவுக்கு வந்தது. முதுகு வலியைத் தவிர நான் சௌக்கியம். அம்மா உப்பைக் குறைத்தாளா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டதை நான் செய்ய மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இங்கே ஆராய்ச்சி நிலையத்துக்கு வருகிற மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் முதல் நாள் பாடம் நான்தான் எடுக்கிறேன். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு. குட்டியாக இருக்கும்போதே அதை அது பழகிக்கொள்ளும். நமக்குப் பெயர் மாதிரி. தாயும் குட்டியும் பிரிந்துவிட்டால் அதைச் சொல்லித்தான் தேடிக்கொள்ளும். நாங்கள் தண்ணீருக்குள் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்வோம். கணினியில் அது ஏறி இறங்குகிற ஒரு கோடாகத் தெரியும். எந்தக் கோடு யாருடையது என்று பிள்ளைகள் பிரிக்கக் கற்றுக்கொள்வார்கள். பாடம் முடியும்போது பலகையில் ஒரு வரி எழுதிப்போடுவேன்: கேட்க வந்தோம், ஏமாற்ற வரவில்லை. அதை எழுதுகிற கையால் இதைச் செய்யச் சொல்கிறாயே.

முதுகுத் துடுப்பு கிழிந்த ஒரு தாய் இருக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கிழிசல். அவள் குட்டி பொடியன் ஜனவரியில் வலையில் சிக்கிச் செத்துப்போனான். செத்த குட்டியை மூக்கால் தூக்கித் தூக்கி மேலே கொண்டுவந்தாள், மூச்சு விடட்டும் என்று. அந்த உடல் மூழ்கிப் போன பிறகும் கரையோரமாகவே கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். நான் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொடியன் உயிரோடு இருந்தபோது பிடித்த சீழ்க்கையும் என்னிடம் இருக்கிறது.

அண்ணன் நம்பரைக் கொடு அக்கா. அவன் திட்டினால் திட்டட்டும், அது அவன் வாயிலிருந்து வரும். என்னைப் போனில் பிடிக்கப் பார்க்காதே. இங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல்.

அன்புடன்,
சின்னு


மார்ச் 30

சின்னுவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தாய். கேட்டதற்குச் சந்தோஷம்.

உனக்கென்ன, அலையைப் பார்த்துக்கொண்டு நியாயம் பேசலாம். அவள் இருமும்போது எழுந்து முதுகைத் தடவுகிறவள் நான். நேற்று மறுபடியும், "நம்பர் கிடைச்சுதா?" என்றாள். பழைய போனில் இருக்கிறது, அது ரிப்பேர் என்றேன். "நான் வேணா உன்கூடக் கடைக்கு வரட்டுமா?" என்கிறாள். இரண்டு படி இறங்கினால் உட்கார்ந்துவிடுகிறவள் இப்படிக் கேட்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் யாரோடு பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "டேய், நான்தாண்டா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை. என்னைப் பார்த்ததும் அடுப்பில் கறை போகவில்லை என்றாள். இவ்வளவு ஆசையோடு கூப்பிட்டு அவன் முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிட்டால், அப்புறம் உன் பலகை வாசகத்தை நான் அவளுக்கு மாத்திரையோடு கரைத்துக் கொடுக்கவா?

எங்கள் பல் டாக்டரின் மகள் அடுத்த மாதம் உங்கள் பயிற்சி முகாமுக்கு வருகிறாள். என் தங்கை அங்கே பெரிய ஆள் என்று நான்தான் பீற்றிக்கொண்டேன். நல்ல அறையாகப் பார்த்துக் கொடு.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம்தானே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முகாமில் கூட்டம் தாங்கவில்லை, சாப்பாட்டுக்கூடத்தில்கூடக் கட்டில் போட்டிருக்கிறோம். நிலையத்து டைரக்டர் தரையில் கால் பாவாமல் நடக்கிறார்.

டாக்டர் மகள் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. வாய் மட்டும் ஓய்வதில்லை.

கிழிசல் இருக்கிறாள். படகுப் பக்கம் வருகிறாள்.

நம்பரைக் கொடுத்துவிட்டாயா? அம்மா அப்படிச் சொல்லிப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை நான் மறுபடி படிக்கவில்லை.

அவசரத்தில்,
சின்னு


மே 9

சின்னுவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

டாக்டர் மகள் திரும்பி வந்துவிட்டாள். எடுத்த படங்களை எல்லாம் கிளினிக் டீவியில் போட்டுக் காட்டினாள். பல் பிடுங்கியவர்கள்கூட வாயில் பஞ்சோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு படகு. ஆரஞ்சு மேலாடை போட்ட பிள்ளைகள். நடுவில் உன் முதுகு. நீ ஒரு ஒலிபெருக்கியைக் கயிறு கட்டித் தண்ணீரில் இறக்குகிறாய். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு துடுப்பு, கிழிந்த துடுப்பு, நேராகப் படகைப் பார்த்து வருகிறது. அடியில் போய்ச் சுற்றுகிறது, மேலே வருகிறது, மறுபடி அடியில் போகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

"எப்படிம்மா கூப்பிட்டதும் வருது?" என்று கேட்டேன். "செத்துப்போன அதோட குட்டியோட குரல் ஆன்ட்டி. அதைப் போட்டா எங்க இருந்தாலும் வந்துடும். தினமும் ரெண்டு ட்ரிப். உங்க தங்கச்சிதான் போடுவாங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமையாம்.

உன் மார்ச் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். பொடியனின் சீழ்க்கை என்னிடம் இருக்கிறது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறாய். அதை வைத்து என்ன செய்கிறாய் என்று எழுதவில்லை. ஊரார் பிள்ளைகள் கைதட்டுவதற்காக ஒரு தாயைத் தினமும் இரண்டு தடவை ஏமாற்றலாம். உன்னைப் பெற்றவள் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு என்றால் மட்டும் உனக்கு மனசாட்சி வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீ நலமா, அம்மா நலமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

நீ எழுதியதில் பொய் இல்லை. பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியைச் சோதித்துக் காட்டும்போது வெறும் பீப் ஒலிக்குப் பதிலாகத் தவறுதலாகப் பொடியனின் பதிவைத் தட்டிவிட்டேன். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. ஒலிபெருக்கி தண்ணீரில் இருக்கிறது என்பது உறைக்கும்போது கிழிசல் வந்துவிட்டாள். ஒரு பெண் அழுதாள், மற்றவர்கள் படம் எடுத்தார்கள். டைரக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். அடுத்த வாரமே அது நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். "ஆராய்ச்சிதானே, எத்தனை நாள் ஞாபகம் வெச்சிருக்குன்னு பாப்போம்" என்றார். இரண்டாம் தடவை நான் வேண்டாம் சொல்லவில்லை.

உறைக்குள் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இனி எனக்கு எதற்கு அந்தப் பவிசு.

"நல்லா இருக்கேன்" என்பது அவன் நண்பனிடம் போனில் சொன்னது. "அம்மா" என்று அவன் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் பின்னால் குக்கர் சத்தம். சத்தமில்லாத ஒன்று சிக்க வெகு நேரம் ஆனது, அதில் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. "வரேன்" என்று தனியாக அவன் எங்கேயும் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "போயிட்டு வரேம்மா" என்பானே, அதில் முன்பாதியை வெட்டிவிட்டேன்.

ஒரு தடவை போட்டுக் காட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

சின்னு


ஜூன் 14

என் அன்புச் சின்னுவுக்கு,

அக்காவின் ஆசிகள். நீ நன்றாக இருப்பாய். அம்மா இன்று தானாகத் தலை வாரிக்கொண்டாள்.

போட்டுக் காட்டினேன். அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை போடு" என்றாள். அப்புறம் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. "குரல் கம்மியிருக்கு, சளி பிடிச்சிருக்கும், வெந்நீர் குடிக்க மாட்டான்" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் போட்டுக் காட்டினாள். இரண்டு இட்லி, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நம்பர் பேச்சே இல்லை இப்போது. நானாகத்தான் கேட்டேன், பேசுகிறாயா என்று. "அவனே கூப்பிட்டுட்டான், வேலையில இருப்பான், நான் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்றாள். பார்த்தாயா? நாம் பயந்தது ஒன்றும் நடக்கவில்லை.

பதிலுக்கு அவளும் என் போனில் பேசியிருக்கிறாள், என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு. துரைக்கு அனுப்பிவிடு என்றாள். அதை ஒரு கார்டில் ஏற்றி உனக்கு அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் போட்டுக் கேட்காமல் கை சும்மா இருக்காது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் நலம் என்று நீ எழுதியதை நம்புகிறேன்.

மீன் கூட்டம் ஆழத்துக்கு நகர்ந்துவிட்டது. டால்பின்கள் எல்லாம் அதன் பின்னால் போய்விட்டன. கிழிசல் மட்டும் போகவில்லை. படகுத்துறையிலேயே இருக்கிறாள், தன்னந்தனியாக. மெலிந்துவிட்டாள். முன்பெல்லாம் அவளும் கூப்பிடுவாள். இப்போது கூப்பிடுவதில்லை, ஒலிபெருக்கி இறங்கும் வரை காத்திருக்கிறாள். போதும் நிறுத்துவோம் என்று டைரக்டரிடம் சொன்னேன். செப்டம்பர் வரை ஆள் சேர்த்தாகிவிட்டது என்கிறார்.

அம்மா நம்பர் கேட்பதை விட்டுவிட்டாள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். அவள் கேட்காவிட்டாலும் நீயாக நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்துவிடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மா பேசியதை நான் இன்னும் கேட்கவில்லை. முடியவில்லை.

சின்னு


ஆகஸ்ட் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நான் இருக்கிறேன். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

உன் டால்பினையும் அம்மாவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதே. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் நேற்று, "எப்பப் பாத்தாலும் அதையே சொல்றான், வேற ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள். வேறு ஒன்று செய்து உடனே அனுப்பு. "வேலை இருக்கும்மா, அடுத்த மாசம்" என்கிற மாதிரி. முடிந்தால் சளி போய்விட்டது என்றும் சொல்லட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 16

சின்னுவுக்கு,

பதில் இல்லையே. இரண்டு படகு வந்து போயிருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் கேட்டதை அனுப்பு. அவசரம்.

அக்கா


செப்டம்பர் 12

சின்னுவுக்கு,

நலம் விசாரிக்கிற ஆள் போய்விட்டாள். இனி நமக்குள் அது எதற்கு.

நீ இருந்த நாலு நாளும் நாம் பாத்திரங்களைப் பற்றியும் துணிகளைப் பற்றியுமே பேசினோம். கேட்க வேண்டியதை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அம்மா போனதும் துரையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். "அம்மாவா?" என்றான். இந்தத் தடவை அவன் நேரத்துக்கு வந்துவிட்டான், எல்லாம் செய்துவிட்டு அன்று மாலையே போனான். நீதான் படகு கிடைக்காமல் ஒரு நாள் பிந்தி வந்தாய். வாசலில் உன்னை யாரும் போ என்று சொல்லவில்லை. சொல்கிறவள் இல்லை.

அவன் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதற்கு என்னால் பதில் எழுத முடியாது. நீயே எழுது. அவன் குரலில் பேசத் தெரிந்த உனக்கு அவனோடு பேசவும் தெரியும்.

அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் சின்னுவும் நல்லா இருக்கணும். லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கணும். கடைசி வரைக்கும் அம்மா என்னைக் கேட்கவே இல்லையா? நான் நம்பரை மாற்றவே இல்லை. போன் தொலைந்தபோதுகூட அலைந்து திரிந்து அதே நம்பரை வாங்கினேன். நீ போன வருஷம் கூப்பிட்டபோது, "அம்மா சொல்லிக் கூப்பிடறியா?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கா? இல்லை என்றாய். அதனால்தான் வைத்துவிட்டேன். வா என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா ஒரு தடவை அவள் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பேசி அனுப்பினதை தினமும் கேப்பாங்கப்பா" என்றார். நான் எதையும் அனுப்பவில்லை. பாவம், வயசானவர், யாரோடோ குழப்பிக்கொண்டிருக்கிறார் போல.

துரை


அக்டோபர் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

சின்னு எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடித்த பிறகும்.

பக்கத்து வீட்டுக்காரர் குழப்பிக்கொள்ளவில்லை. அம்மா தினமும் கேட்டது உன் குரல்தான். நீ பேசியதுதான் இல்லை. உன் பழைய பேச்சை வெட்டி ஒட்டி நான் செய்தது. நல்லா இருக்கேன், வரேன் என்று உன்னைச் சொல்ல வைத்தேன். கேட்டது அக்கா, செய்தது நான்.

அம்மா உன்னைக் கேட்டாளா என்கிறாய். மார்ச்சிலேயே உன் நம்பரைக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். "டேய், நான்தாண்டா" என்று சமையலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தாளாம். நீ வைத்துவிடுவாய், அம்மா தாங்க மாட்டாள் என்று அக்கா பயந்தாள். நான் நம்பரைக் கொடு கொடு என்று கடிதம் எழுதினேன். உன் நம்பர் எனக்கும் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நானே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், உன்னையும் கூப்பிட்டிருக்கலாம். ஏறவில்லை.

அந்தப் பொய்க்குப் பதிலாக அம்மா உனக்குப் பேசி அனுப்பினாள். மூன்று மாதம் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். நேற்றுதான் கேட்டேன். "துரை, நான்தாண்டா. நானே கூப்பிடணும்னு இருந்தேன், நீ முந்திக்கிட்டே. அன்னிக்கி வாசல்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மெதுவாவே வா, அவசரமில்லை, நான் எங்க போகப்போறேன்." இவ்வளவுதான். "நீ முந்திக்கிட்டே" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் உனக்கு எதுவும் தெரியவே வந்திருக்காது. எனக்கு அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. வெட்டவில்லை. அப்படியே கார்டில் வைத்திருக்கிறேன்.

இங்கேயும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். செத்துப்போன ஒரு குட்டியின் குரலைப் போட்டு அதன் தாயைப் படகுக்கு வரவழைத்து வேடிக்கை காட்டுவோம். ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பதிவை எல்லாக் கணினியிலிருந்தும் அழித்துவிட்டேன். இந்த மாதக் கடைசியோடு போய்விடு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். ஒலிபெருக்கி இறங்கி வெகு நாளாகிறது. அவள் மட்டும் இன்னும் அதே நேரத்துக்குப் படகுத்துறைக்கு வந்து சுற்றுகிறாள்.

கிளம்பும் வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோடு தொட்டி மேல் உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட வேண்டும் என்று இல்லை.

சின்னு